உமி போட்டு மூடிய கான்

பிரதேச சபையின் கடிதம் வந்த அன்று என் மகள் குசினியில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் கடிதத்தை நான்தான் வாங்கினேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அரசாங்கக் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு நேரமெடுக்கும். ஆனால் அதிலிருந்த ஒரு சொல், எழுத்துக் கூட்டாமலே கண்ணில் பட்டது. கான். எங்கள் ஒழுங்கைத் தெருவின் மழைத் தண்ணீரைக் கொண்டுபோன பழைய கான் எந்த வழியால் ஓடியது, யாருக்காவது தெரியுமா என்று சபை கேட்டிருந்தது.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மகள் குந்தியிருந்த தரையைப் பார்த்தேன். சிவப்புச் சாந்து பூசிய சீமெந்துத் தரை. அதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். 

"என்ன கடிதம் வாப்பா?" என்றாள். கரண்ட் பில் என்று சொன்னேன்.

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர்களில் ஒன்று. வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் முட்டும். இங்கே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை தன் உடுப்புப் பையோடு பெண்ணின் வீட்டுக்கு வருவார். நானும் அப்படி வேறு ஊரிலிருந்து பையோடு வந்தவன்தான். மூன்று பெண்பிள்ளைகள் இருந்தால் மூன்று வீடு வேண்டும். நிலம் மட்டும் கூடுவதில்லை.

கடல் வந்து கரையோர வீடுகளை எல்லாம் வழித்துக்கொண்டு போன பிறகு இந்த நெருக்கம் இன்னும் மோசமானது. கரையில் திரும்பக் கட்டக்கூடாது என்றார்கள். கட்டச் சொன்னாலும் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையின் தெற்குப் பக்க வீட்டு வளவுகளுக்குப் பின்னால் ஒரு கான் ஓடியது. மாரி மழைத் தண்ணீர் அதன் வழியாகப் போய்த் தோணாவில் விழும். தோணா என்பது கடற்கரை மணலுக்கு உள்பக்கமாகக் கிடக்கிற நீண்ட மடு. அது நிறைந்தால் மணலை வெட்டி விடுவார்கள், தண்ணீர் கடலுக்குப் போகும். கான் ஆளை மறைக்கும் ஆழம், இரண்டு கட்டில் அகலம். வருடத்தில் ஒன்பது மாதம் காய்ந்து கிடந்தது. அந்த ஒன்பது மாதத்தில் எல்லாருடைய கண்ணும் அதில் விழுந்தது.

முதலில் மூடியவர் அடுத்த வளவு ஹாஜியார். கல்முனை பஸாரில் புடவைக் கடை வைத்திருக்கிறவர். நான் அப்போது சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஆலைக்குப் பின்னால் உமி கூரை உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று ஆலைக்காரர்கள் காத்திருப்பார்கள். மண் கொண்டுவர அனுமதி வேண்டும். உமிக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. ஹாஜியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், நான் உழவு இயந்திரப் பெட்டியில் உமி ஏற்றிக்கொண்டு வந்து கொட்டினேன். கொட்டி, மிதித்து, மேலே கடல் மணல் பரப்பி, அதற்கு மேலே ஒரு சாண் கிறவல், செம்மண் சரளை. பார்க்கிறவனுக்கு நல்ல நிலம் போலவே இருந்தது. ஹாஜியாரைப் பார்த்து இன்னொருவர் கூப்பிட்டார், அவரைப் பார்த்து வேறொருவர். ஒன்பது வளவுகளுக்குப் பின்னால் நான் உமி கொட்டினேன். கடைசியாக நிரப்பியது என் மனைவியின் வளவு. அதில்தான் என் மகளுக்கு வீடு கட்டினேன். முன்பக்கம் கெட்டி நிலம். குசினி மட்டும் கானுக்கு மேலே.

அப்போது எனக்குப் பயம் எதுவும் இருக்கவில்லை. பிறகு நான் ஊரில் தங்கியதும் குறைவு. பொலன்னறுவையில் நெல் வெட்டு, திருகோணமலையில் மீன்வாடி, கொழும்பில் மூட்டை, இரண்டு வருடம் சவூதிப் பாலைவனத்தில் ஆடு. ஓர் இடத்தில் நாலு மாதம் இருந்தால் எனக்குக் கால் ஊரத் தொடங்கும், வேறு இடம் தேடுவேன். மனைவி மௌத்தான பிறகுதான் முன் அறையில் பாயைப் போட்டு இருந்துவிட்டேன். மருமகன் கத்தாரில். மகள் தனியே.

கடிதம் வந்து பத்து நாளைக்குள் பள்ளிவாசல் மேல்மாடியில் அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் போட்டார்கள். சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களோடு தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஒரு சின்ன வயதுப் பெண். கரையோரத் தமிழ் ஊரான வினாயகபுரத்துப் பிள்ளை. ஒழுங்கையின் முடிவில் இருக்கிற வெட்டையைப் பற்றித்தான் கூட்டம். பந்தடிக்கிறதும் பெருநாள் தொழுகிறதும் அந்த வெட்டையில்தான். கிறவல் போட்டு உயர்த்தி, மட்டம் பார்த்து, சுற்றி நடைபாதையும் விளக்கும் போடப் போகிறோம் என்று சபைக்காரர் சொன்னதும் எல்லார் முகமும் மலர்ந்தது. போன பெருநாளுக்கு ஈரத்தில் பாய் விரித்துத் தொழுது, சுஜூது செய்த நெற்றியில் சேற்றோடு எழும்பியவர்கள் நாங்கள்.

அந்தப் பிள்ளை எழும்பி ஒரு கேள்வி கேட்டது. ஒழுங்கைத் தண்ணீர் முழுவதும் மார்கழியில் இந்த வெட்டையில்தான் வந்து நிற்கிறது, வெட்டையை உயர்த்தினால் அது எங்கே போகும் என்று. பின்னால் இருந்த ஒருவர், "கடலுக்குத்தான் மிஸ். அதுக்கு வழி தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு ஒரு பழைய படத்தை விரித்தாள். அதில் எங்கள் வளவுகளுக்குப் பின்னால் நீலக் கோடு ஒன்று ஓடியது. கான் எந்த எல்லையில் ஓடியது என்று காணி உறுதியில் எழுதியிருக்கும், உறுதிகளைக் கொண்டுவந்து காட்டினால் அளந்துவிடலாம் என்றாள்.

 அந்த வரிசையில் வீடு வைத்திருந்த ஒன்பது பேரும் அங்கே இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஹாஜியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "உறுதியெல்லாம் கடலோட போயிட்டு புள்ள."

பக்கத்தில் இருந்தவர் ஓம் என்றார். அவருடையதும் கடலோடு போனது. பிறகு அடுத்தவருடையது. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும் நானும் சொன்னேன். மகளின் உறுதி அலுமாரியில் துணிக்குக் கீழே இருக்கிறது. தெற்கு எல்லை கான் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. 

அவள் எங்களை மறுத்துப் பேசவில்லை. "எங்கட வீட்டு உறுதியும் அப்பிடித்தான் போனது" என்று சொல்லிப் படத்தைச் சுருட்டினாள். அதற்குப் பிறகு நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் அளவும் இல்லை உறுதியும் இல்லை என்றால் குத்தித்தான் பார்க்க வேண்டும், இரும்பு அலவாங்கு பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். பழைய கானில் நிரப்பிய மண் இளகியிருக்கும், அலவாங்கு லேசாக இறங்கும் என்றாள். ஹாஜியார் என்னைக் காட்டினார். "இவரைப் புடிங்க. இவரு வெளியூரு, ஒண்டும் தெரியா. காட்டின இடத்தில குத்துவாரு." கூட்டம் கலைந்து படி இறங்கும்போது என் தோளில் கை வைத்தார். "உன்ட மகளும் அந்த வரிசையிலதான் இருக்கா தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அடுத்த நாள் காலையில் தொடங்கினோம். அந்தப் பிள்ளை சுவரிலிருந்து அளந்து, "இந்தப் பக்கமாக் குத்துங்க காக்கா" என்று எங்கள் ஊர் முறையில் அண்ணனாக அழைத்துக் கையைக் காட்டும். இந்தப் பக்கம் என்பது நாலு அடி அகலம். அதற்குள் எந்த இடத்தில் குத்துகிறது என்பது என் கையில் இருந்தது. எந்த வளவில் கரை எங்கே முடிகிறது, உமி எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளவிலும் கரையில்தான் குத்தினேன். கெட்டி மண்ணில் இரும்பு போய் முட்டியது. கை அதிர்ந்தது. அவள் ஒவ்வொரு முறையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். என்னுடைய சாரம் வியர்வையில் காலோடு ஒட்டியது. வெயில் அவ்வளவு இல்லை. சுகமில்லையா என்று கேட்டாள். பிரஷர் என்றேன்.

கடைசியாக மகளின் வளவு. மகள் பிளேன்ரீயும் விசுக்கோத்தும் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் குசினிப் படியில் இருந்து கதைத்தார்கள். குசினி நல்ல வெளிச்சம், காற்றும் வருகிறது என்று அவள் சொன்னாள். வாப்பா கட்டியது என்று மகள் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். நான் படிக்கு ஓர் எட்டுத் தள்ளிக் குத்தினேன். அங்கே முன்பு கரையில் நின்ற தென்னையின் அடிக்குற்றி புதைந்து கிடந்தது. அலவாங்கு டொக்கென்று நின்றது.

"இஞ்சயும் இல்லப் போல, காக்கா" என்று சொல்லிக் கொப்பியை மூடினாள். அலவாங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். வேலை கூடிப்போய்விட்டது என்று நினைத்து ஒரு முடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

பழைய கானுக்கு அடையாளம் இல்லை என்று சபை தீர்மானித்தது. வெட்டையை உயர்த்தவும் அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு வடிகான் கட்டவும் முடிவானது. இரண்டு மாதம் லொறிகள் கிறவலைக் கொட்டின. வேலை முடிந்த பிறகு வந்த பெருநாளுக்கு அங்கேதான் தொழுதோம். தண்ணீரை ஒரு கோப்பையில் வைத்தால் ஆடாத மட்டம். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக் கை கொடுத்து முஸாபஹா செய்தார்கள். ஹாஜியார் என்னையும் கட்டிப்பிடித்தார். நான் சுஜூதில் இருந்த நேரத்தில் அல்லாஹ்விடம் எதையும் கேட்கவில்லை. இந்த உயரம் ஒழுங்கையின் எத்தனையாவது வீட்டுப் படிக்குச் சமம் என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர் எழும்பிய பிறகுதான் நான் எழும்பினேன்.

மாரி தொடங்கியது. முதல் இரண்டு மழைக்கும் சின்ன வடிகான் தாங்கியது. மூன்றாவது மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஒழுங்கையில் தண்ணீர் முழங்கால் வரைக்கும் வந்தது. வழக்கமாக வெட்டைக்கு இறங்குகிற தண்ணீர் இப்போது வெட்டையின் கரையில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு காலையில் பார்த்தால் பாதி வடிந்திருந்தது. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நான் தோணா வரைக்கும் போய்ப் பார்த்தேன், மணல் வெட்டாமல் கிடந்தது. தண்ணீர் கடலுக்குப் போகவில்லை, வெயிலும் எறிக்கவில்லை. அப்படியானால் எங்கே போனது?

அன்று பகல் மகள் கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. மணந்து பார்க்கச் சொன்னாள். நான் மணக்கத் தேவையில்லை. அந்த உமி மணத்துக்குள் நான் மூன்று போகம் மூட்டை தூக்கியிருக்கிறேன்.

எனக்கு வந்த யோசனை, எனக்கு எப்போதும் வருகிற யோசனைதான். பையில் இரண்டு சாரமும் ஒரு சேட்டும் வைத்தேன். பொலன்னறுவையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் நடந்து பிரதான வீதிக்கு வந்து பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனேன். பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் நின்றது. ஏறி ஜன்னல் பக்கம் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் மடியில் அலுமினியச் சட்டி வைத்திருந்தாள். பஸ் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே குலுங்கியது. சட்டிக்குள் கிடந்த குழம்பு, நாங்கள் ஆணம் என்கிறது, ஒரு பக்கமாகச் சரிந்து மூடிக்கு வெளியே வடிந்தது. அவள் சட்டியை நிமிர்த்திப் பிடித்தாள்.

அப்போதுதான் எனக்கு அன்று காலைச் சாப்பாடு ஞாபகம் வந்தது. மகள் அடுப்பில் வைத்திருந்த சட்டியிலும் ஆணம் ஒரு பக்கமாகவே நின்றது. மறு பக்கம் மீன் துண்டுகள் காய்ந்து தெரிந்தன. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன். அடுப்பு நின்ற தரை சரிந்திருக்கிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன். முச்சக்கர வண்டி பிடித்துத் திரும்பினேன், வண்டிக்காரர் ஒழுங்கை முனைக்கு மேல் வரமாட்டேன் என்றார். மிச்சத்தைத் தண்ணீருக்குள் நடந்தேன்.

மகள் என்னைக் கண்டு பஸ் இல்லையா என்று கேட்டாள். நான் குசினியைப் பூட்டச் சொன்னேன். பூட்டிவிட்டு, அவளுடைய உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டுக்குப் போய் இருப்போம் என்றேன். காரணம் கேட்டாள். தண்ணீர் கூடுகிறது என்றேன். அவள் சிரித்தாள். "மாப்பிள கத்தார்ல இருக்கக்க நான் வீட்டப் பூட்டிட்டு வெளிக்கிட்டா இந்த ஒழுங்கை என்ன கதைக்கும் வாப்பா? என்ட வீட்ட விட்டுட்டு நான் எங்கயும் வரல்ல" என்றாள். சொல்லிக்கொண்டே குசினிக்குள் போகத் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில்கூட நான் அவளை அப்படி இழுத்ததில்லை.

அப்போது சொன்னேன். கான், உமி, அலவாங்கு, எல்லாவற்றையும். நின்றபடியே சொன்னேன். 

முடிந்ததும் கேட்டாள். "எத்தின வீடு?"

"ஒம்பது."

"அவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"வாப்பாமாருக்குத் தெரியும். மகள்மாருக்குத் தெரியா."

 அவள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, முன் கதவால் இறங்கி, மழைக்குள் அடுத்த வளவை நோக்கிப் போனாள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் அந்தத் தொழில்நுட்பப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் எடுத்தேன்.

மூன்றாவது தடவை எடுக்கும்போது வீட்டின் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. நெல் மூட்டையை நிலத்தில் போட்டால் வருகிற சத்தம். அதைத் தொடர்ந்து பாத்திரங்கள் உருள்கிற சத்தம். நான் குசினி வாசலுக்கு ஓடினேன். குசினியின் நடுத்தரை இல்லை. சிவப்புச் சீமெந்து தட்டுத் தட்டாக உடைந்து உள்ளே தொங்கியது. காஸ் சிலிண்டரும் அடுப்பும் கீழே கிடந்தன. அவற்றுக்கு மேலால் கறுத்த தண்ணீர், உமியைச் சுழற்றிக்கொண்டு, கிழக்குப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மகளின் ஒற்றைச் செருப்பு சுழன்றது.

அவள் முன் கதவால் போனதை நான் கண்ணால் கண்டவன். ஆனாலும் பின்பக்கமாகத் திரும்பி வந்திருந்தால்? ஒழுங்கையில் தண்ணீர் என்று வளவுகளுக்குள்ளாலேயே வந்து குசினிக் கதவால் நுழைந்திருந்தால்? அவளைக் கூப்பிட்டேன்.  சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே இறக்கினேன். தண்ணீர் என் காலை இழுத்தது. கீழே நிலம் தட்டுப்படவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.  வெளியே வந்தது என் குரல்தான் என்று எனக்கே விளங்கவில்லை.

"வாப்பா, அங்க இறங்காதீங்க."

ஹாஜியார் வளவின் மதிலுக்கு மேலால் அவளுடைய தலை தெரிந்தது. பக்கத்தில் ஹாஜியாரின் மகளின் தலை. நான் வாசல் படியில் இருந்துவிட்டேன்.  பிறகுதான் தெரிந்தது, அந்தச் செருப்பு எப்போதும் குசினிப் படியில் கிடக்கிறது. அவள் வெறுங்காலோடு போயிருந்தாள்.

ஹாஜியார் வந்தார். தன் மகளை ஏன் பயப்படுத்தினேன் என்று கேட்டுக்கொண்டேதான் ஒழுங்கையில் வந்தார். குசினி வாசலில் வந்து நின்று பார்த்ததும் அந்தக் கேள்வி பாதியில் நின்றது. அவர் வீட்டில் கானுக்கு மேலே குசினி மட்டுமில்லை. மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று பின்பக்கமாக ஓர் அறையைக் கூட்டிக் கட்டியிருந்தார். பிள்ளை பிறந்து இருபது நாள். சாரத்தை முழங்காலுக்கு மேல் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

"கட்டில் எங்க கெடக்கு?" என்று நான் கேட்டேன்.

"சன்னல் பக்கம்."

"சன்னல் பக்கந்தான் நடுக் கான்."

"நல்லாத் தெரியுமா தம்பி உனக்கு?"

"நான்தானே நிரப்பின."

அவர் ஓடினார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் அப்படி ஓடி நான் கண்டதில்லை.

அன்று பின்னேரம், ஹாஜியாரின் மகளும் அவளுடைய இருபது நாள் பிள்ளையும் உட்பட, அந்த ஒழுங்கைப் பெண்கள் ஏழு பேர் பிள்ளைகளோடு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்தார்கள். என் மகள்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு வீட்டுப் பெண்களை அவர்களுடைய வாப்பாமார் விடவில்லை. தோணாப் பக்கம் இருக்கிற கடைசி இரண்டு வீடுகள். அது உமியில்லை, நல்ல மண் என்று சொன்னார்களாம்.

இரவு போனை எடுத்த தொழில்நுட்பப் பிள்ளை அடுத்த நாள் மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் ஒன்றோடு வந்தாள். நான் எல்லாவற்றையும் அவளுக்கும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. அவள் கொப்பியைத் திறந்து, தான் எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"நீங்க குத்தினத நம்பித்தான் காக்கா நான் கையெழுத்து வெச்சனான்" என்றாள். அவள் ஏசியிருக்கலாம். அவளுக்கு மேலே இருக்கிறவர்களுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.  எங்கே தொடங்குவது என்று கேட்டாள். என் மகளின் வீட்டில் என்றேன்.

வீடு மகளின் பெயரில் இருக்கிறது. இடித்துக் கானைத் திறப்பதற்கான சம்மதக் கடிதத்தில் அவள்தான் கையெழுத்து வைத்தாள். வைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. கத்தாரிலிருந்து மருமகன் எடுத்தபோது அவளே கதைத்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. குசினியும் கிணற்றடியும் போனது. ஏழு வீடுகளின் பின்பக்கமும் போனது. ஹாஜியார் தன் மகளின் அறையைப் பெக்கோ இடிக்கும்போது கடைக்குப் போகாமல் நின்று பார்த்தார்.

கடைசி இரண்டு வீடுகளும் விடாததால் கான் தோணா வரைக்கும் போகவில்லை. இந்த மழை முடியும் வரைக்காவது தண்ணீருக்கு வழி வேண்டும் என்று சபை அவசரமாகக் கூடி, புதிதாக உயர்த்திய வெட்டையைக் குறுக்கே வெட்டியது. பெருநாள் தொழுத இடத்துக்கு நடுவால் இப்போது தண்ணீர் ஓடுகிறது. பந்தடிக்கிற பொடியன்கள் என்னைக் கண்டால், "காக்கா, இன்னும் எத்தின இடத்தில உமி கெடக்கு? செல்லுங்க, பாத்து ஓடுவம்" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

நான் இதைச் சொல்கிற நேரத்திலும் மழை விடவில்லை. மகள் முன் அறையில் சமைக்கிறாள். எனக்குக் கால் ஊரவில்லை. போக இடமிருந்தும் போகப் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் அந்த இரண்டு வீட்டு வாசலிலும் போய் நிற்கிறேன். அங்கே நான் கொட்டியது உமிதான், மண்ணில்லை என்று சொல்கிறேன். ஒருவர் கதவைச் சாத்திவிடுவார். மற்றவர், உன்னுடைய மகளின் குசினியை உடைத்தது போதாதா என்று கேட்பார். உள்ளே அவருடைய மகள் நடமாடுகிற சத்தம் கேட்கும். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்.

அதனால் இப்போது என் மகளே போகிறாள். முன் வாசலால் விடமாட்டார்கள் என்று வளவுகளுக்குள்ளால், திறந்த கானின் கரையைப் பிடித்துக்கொண்டு, பின் கதவால் அந்த மகள்மாரிடம் போகிறாள். வாப்பாமார் தொழப் போகிற நேரமாகப் பார்த்துப் போகிறாள். சற்று முன்னால் அசருக்குப் பாங்கு சொன்னார்கள். அவள் போயிருக்கிறாள். கரை ஈரமாக இருக்கும். நான் பின் கதவடியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.